ஒன்றாம் நம்பரை விட்டுக்கொடுத்தது

எங்கள் மரண உதவிச் சங்கத்துக்கு நான்தான் தலைவி. எழுத்து என்று பார்த்தால் என் பெயரை மட்டும் எழுதுவேன். அதுவும் கைநாட்டு வைக்கிற தலைவி என்று ஒருவரும் சொல்லிவிடக் கூடாதென்று, தலைவி ஆன பிறகு பழகியது. மற்றதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். தன்னைப் பற்றி வருகிற இடத்தில் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பாள். நானும் பார்ப்பேன். பிறகு எழுதுவாள்.

வட்டகொடை ஸ்டேஷனில் இறங்கி, தேயிலைக்கு நடுவே மேலே ஏறி வந்தால் எங்கள் லயம். ஒரே கூரை, வரிசையாக இருபத்து நான்கு வீடு. இங்கே சங்கங்களுக்குக் குறைவில்லை. விளையாட்டுக் கழகம் உண்டு, மழை பெய்யாத ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும். கோயில் கமிட்டி உண்டு, ஒன்றோடொன்று பேசாத இரண்டு பாதியாக. மாதர் சங்கத்துக்குப் பெயர்ப்பலகை உண்டு. ஆனால் கூப்பிட்ட உடனே எல்லாரும் வந்து நிற்கிற சங்கம் எங்களுடையது ஒன்றுதான். எங்கள் கூட்டத்துக்குக் காரணமானவர் அடுத்த வாரம் வரை காத்திருக்க மாட்டார் அல்லவா?

அதனால்தான் ஹட்டனிலிருந்து மனித உரிமை நிறுவனத்து மிஸ் மற்ற மூன்று சங்கத்தையும் பார்த்துவிட்டு, கடைசியில் என் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தார். கண்ணாடி போட்ட, மெலிந்த பெண். ஊர்ச் சங்கங்களோடு சேர்ந்து வேலை செய்வதுதான் தங்கள் நிறுவனத்தின் வழக்கம் என்றார். ஒன்பது பக்கத்தில் ஒப்பந்தம் ஒன்று கொண்டுவந்திருந்தார். முழுவதும் வாசித்தார். நானும் முழுவதும் கேட்டேன். நாலாவது பக்கத்தில் எங்கள் உபதலைவர் தூங்கிவிட்டார். அவர் சாவு வீட்டிலும் தூங்குகிறவர்தான்.

வாசித்து முடித்ததும், எங்கள் சங்கத்துக்கும் ஒரு சட்டம் இருக்கிறது என்று சொன்னேன். எங்களோடு சேருகிறவர் யாராக இருந்தாலும் செத்த வீட்டுக்கு ஆளாக வர வேண்டும். வரும்போது, கவ்வாத்து வெட்டிய மலையில் பொறுக்குகிற காய்ந்த தேயிலைக் குச்சி, மிலாறு என்போம், அதில் ஒரு கட்டு கொண்டுவர வேண்டும். வந்தவர்களுக்குத் தேத்தண்ணீர் கொதிக்க அதுதான் விறகு. வராதவர் அடுத்த சாவில் நாற்காலி சுமக்க வேண்டும். மிஸ் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

“மிஸ், எங்க சாவுக்கு நீங்க வந்தா, உங்க கூட்டத்துக்கு நாங்க வருவோம். அவ்வளவுதான் ஒப்பந்தம்.”

அவர் ஒன்பதாம் பக்கத்தின் அடியில் அதைக் கையால் எழுதிக்கொண்டார். அப்போதுதான் இந்தப் பெண்ணோடு காரியம் நடக்கும் என்று எனக்குப் பட்டது.

எங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். விலாசம் வேண்டும் என்றேன்.

மருமகள் உயர்தரம் படித்தவள். கொழுந்து பறித்துக்கொண்டே, அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் உதவி டீச்சர் வேலைக்கு எழுதிப் போட்டிருந்தாள். நேர்முகப் பரீட்சைக்கு வரச்சொல்லிக் கடிதமும் வந்தது. லயத்து வீடுகளுக்குத் தனி விலாசம் கிடையாது. எல்லாருடைய கடிதமும் தோட்டத்து ஆபிசுக்குத்தான் போகும். அங்கே மேசையில் ஆறு நாள், கங்காணியின் சட்டைப்பையில் இரண்டு நாள் இருந்துவிட்டு அது எங்கள் கைக்கு வந்தபோது, பரீட்சை முடிந்து மூன்று நாளாகியிருந்தது. கங்காணி நல்ல மனுஷன்தான், சட்டையை அடிக்கடி மாற்ற மாட்டார். மறுபடியும் விண்ணப்பம் கேட்டிருக்கிறார்கள். வயதுக் கணக்கில் அவளுக்கு இதுதான் கடைசித் தடவை. என் மருமகள் டீச்சர் என்று பீலியடியில் தண்ணீர் பிடிக்கிற பெண்களிடம் சொல்ல நான் எத்தனை வருஷமாகக் காத்திருக்கிறேன் என்பதையும் மிஸ்ஸிடம் சொன்னேன். இதை எழுதும்போதுதான் மருமகள் முதல்முறையாகப் பேனாவை நிறுத்தினாள்.

வேலை தொடங்கியது. முதல் கூட்டத்தில் நிறுவனத்தார் ஒரு பந்தைக் கொடுத்து, பந்து யார் கையில் இருக்கிறதோ அவர் தன் கனவைச் சொல்ல வேண்டும் என்றார்கள். உபதலைவர் பந்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, கனவில் செத்துப்போன தன் ஆடு வந்ததாகச் சொன்னார். அதன் குணநலன்களையும் சொன்னார். அடுத்த கூட்டத்தில் பந்து இல்லை.

விஷயம் இதுதான்: இருபத்து நான்கு வீட்டாரும் ஒப்பமிட்ட மனு ஒன்று பிரதேச சபைக்கும் தபால் கந்தோருக்கும் போக வேண்டும். மிஸ் மூன்று தடவை வந்தும் ஒப்பம் சேரவில்லை. பகலில் எல்லாரும் மலையில். சாயந்திரம் எல்லாரும் அடுப்படியில், அல்லது தொலைக்காட்சிக்கு முன்னால்.

அந்த வாரம் எங்கள் லயத்திலிருந்த காவல்காரர் ஒருவர் இறந்துபோனார். மிஸ்ஸுக்குப் போன் போட்டோம். ஒப்பந்தப்படி வந்தார், வேனில், விறகோடு. ஹட்டன் டவுனில் வாங்கிய விறகு. ஒரே அளவாக அறுத்து, பச்சை நைலோன் கயிற்றால் கட்டியிருந்தது. அப்படி ஒரு விறகை எங்கள் லயம் பார்த்ததில்லை. காவல்காரரைப் பார்க்க வந்தவர்களில் பாதிப்பேர் முதலில் விறகைத்தான் பார்த்தார்கள். ஒரு பெரியவர் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, தன் சாவுக்கும் மிஸ் கட்டாயம் வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

சுற்றிப் பார்த்தேன். இருபத்து நான்கு வீட்டு ஆளும் ஒரே இடத்தில் இருந்தார்கள். மனுவை எடுங்கள் மிஸ் என்றேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. பிணத்தை வைத்துக்கொண்டு ஒப்பம் வாங்குவதா, நிறுவனத்துக்கென்று ஒரு நெறிமுறை இருக்கிறது என்றார். சரி, சொந்தக்காரியையே கேட்போம் என்று காவல்காரர் பெண்சாதியிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“அவரு ஒரு கூட்டத்துலயும் முடியிற வரைக்கும் இருந்ததில்லக்கா. இன்னைக்காவது இருக்கட்டும்.”

முதல் ஒப்பத்தை அவளே போட்டாள். தப்பு அடிக்கிறவர்கள் வந்து சேருவதற்குள் இருபத்து நான்கும் முடிந்துவிட்டது. மிஸ் அந்தத் தாளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தேத்தண்ணீர் ஊற்றப் போய்விட்டார்.

அதன் பிறகு ஓடித் திரிந்தது அவர். பிரதேச சபைக்குப் போனார், தபால் கந்தோருக்குப் போனார், தோட்டத்துத் துரையிடமும் பேசினார். கதவுகளில் எழுதத் தொழிற்சாலையில் பெயின்ட் கேட்காத வரையில் ஆட்சேபனை இல்லை என்று துரை சொல்லிவிட்டார். கதவுக்குக் கதவு நம்பர் போட்டு, வீட்டுப் பட்டியலையும் கொடுத்தால் தபால்காரர் லயத்துக்கே வருவார் என்று தபால் கந்தோரிலும் ஒத்துக்கொண்டார்கள். புதன்கிழமை தபால்காரரையே கூட்டிக்கொண்டு வருகிறேன், அதற்குள் நம்பரை அடித்து வையுங்கள் என்று மிஸ் போனில் சொன்னார்.

என்ன நம்பர் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இதில் கேட்க என்ன இருக்கிறது? எங்கள் எல்லாருக்கும் ஏற்கெனவே நம்பர் இருக்கிறது. மரண உதவிச் சங்கத்தில் வீட்டுக்கு ஒரு நம்பர். ஒவ்வொரு சாவிலும் அதைச் சொல்லித்தான் ஆள் கூப்பிடுவோம். சங்கத்தைத் தொடங்கியவள் நான். ஆகையால் நான் ஒன்றாம் நம்பர். கோயிலில் மிஞ்சிய பச்சைப் பெயின்டில், என் கதவில் ஒரு ஒன்றை முழ நீளத்துக்கு நானே எழுதினேன். ஒன்று எழுதுவது எனக்கு வரும். மற்றக் கதவுகளை மற்றவர்கள் பார்த்துக்கொண்டார்கள்.

புதன்கிழமை வந்தார்கள். தபால்காரர் சிங்களவர், ஆனால் எங்களைப் போலவே தமிழ் பேசுவார். லயத்தின் ஒரு முனையில், தொங்கலில் நின்று கதவுகளை வாசித்துக்கொண்டு வந்தார். நாற்பத்திரண்டு, ஏழு, அறுபத்தொன்று, பத்தொன்பது. அப்படியே நின்றார்.

“அம்மே, எட்டு எங்க?”

“எட்டு கீழ புதைகாட்டுல இருக்கு.”

“பதிமூணு?”

“அதுவும் அங்கதான்.” செத்தவர் நம்பரை எங்கள் சங்கத்தில் வேறு யாருக்கும் கொடுப்பதில்லை என்று விளக்கினேன். வீட்டுக்கு அடுத்த பெரியவர் வந்தால் அவருக்குப் புது நம்பர்.

அவர் தொப்பியைக் கழற்றினார். “அப்ப அங்கயும் கடிதம் குடுக்கணுமா?”

மிஸ் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். திட்டவில்லை. சொல்லாமல் விட்டது தன் பிழை என்றார். பிறகு பொறுமையாகச் சொன்னார்: பாதை வந்து சேருகிற தொங்கல் வீடு ஒன்று, அங்கிருந்து வரிசையாக இரண்டு, மூன்று என்று போக வேண்டும். பட்டியல் இன்றைக்கே தபால் கந்தோருக்குப் போயாக வேண்டும். வெள்ளிக்கிழமை விண்ணப்பத்துக்குக் கடைசி நாள்.

தொங்கல் வீட்டில் இருப்பது சேவல் வளர்க்கிற மதினி. பீலியில் யார் குடம் முதலில் என்று முப்பது வருஷமாக எனக்கும் அவளுக்கும் வழக்கு. அந்தக் கதவு ஒன்று என்றால், என் கதவு ஒன்பது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சேவலும் பார்த்தது.

நடுவிலிருந்து எண்ணத் தொடங்கினால் என்ன என்று கேட்டேன். கோயிலைச் சுற்றுவதுபோல என் வாசலில் தொடங்கி, அந்தத் தொங்கல் வரை போய், திரும்பி வந்து இந்தத் தொங்கலில் முடிக்கலாமே? தபால்காரர் தன் முழங்காலைக் காட்டினார். இன்னும் இரண்டு யோசனை சொன்னேன். எல்லாமே என் வாசலில்தான் தொடங்கின.

அப்போது மருமகள் உள்ளேயிருந்து விண்ணப்பத்தோடு வந்தாள். பெயர் எழுதியிருந்தது, படிப்பு எழுதியிருந்தது. ஒரு வரி மட்டும் வெறுமையாக இருந்தது. அதில் விரலை வைத்தாள்.

“அத்தை, இந்த எடத்துல என்ன எழுதட்டும்?”

பழைய கடிதம் வந்த அன்று அவள் அழவில்லை. அதை நாலாக மடித்து அரிசிப் பானைக்கு அடியில் வைத்துவிட்டு மலைக்குப் போய்விட்டாள். அந்த மடிப்பு எனக்கு ஞாபகம் வந்தது. மண்ணெண்ணெய்த் துணியை எடுத்துக்கொண்டு வந்து ஒன்றைத் தேய்க்கத் தொடங்கினேன். பெயின்ட் தடிப்பாகப் போட்டிருந்தேன். சீக்கிரம் போகவில்லை.

மதினிக்கு வாய் சும்மா இருக்குமா? “பாத்து அழிங்க மதினி, கதவு தேஞ்சிரப் போவுது.”

“அந்த நம்பரு ஒங்க சேவலுக்கு மதினி. ஒங்களுக்கில்ல.”

மருமகள் அந்த வெற்று வரியில் ஒன்பது என்று எழுதினாள். என் கதவிலும் அவளே எழுதினாள். எனக்கு ஒன்பது வராது.

ஆறு வாரம் போனது. ஒரு மழை நாளில், குடையை மடக்கிக்கொண்டு தபால்காரர் ஒன்பதாம் கதவில் தட்டினார். பதிவுத் தபால், வீட்டில் யாராவது ஒப்பமிட வேண்டும் என்றார். என் பெயரை எழுதினேன். பாதியில் போதும் என்றார். நான் நிறுத்தவில்லை, முழுதும் எழுதிவிட்டுத்தான் பேனாவைக் கொடுத்தேன். கடிதத்தை ரவிக்கைக்குள் வைத்து மலைக்கு ஏறினேன். மருமகள் கூடையை இறக்கி, கையைச் சேலையில் துடைத்து, கிழிக்காமல் மெதுவாகத் திறந்து வாசித்தாள். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன்.

“இன்னும் பதினோரு நாள் இருக்கு அத்தை.”

நேர்முகப் பரீட்சைக்குப் போனாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள், வேலைக் கடிதமும் இதே கதவுக்குத்தான் வந்தது. பீலியடியில் நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் சொன்னது போதும் என்கிறாள் இதை எழுதுகிறவள்.

மதினிக்குத்தான் பாவம் தொல்லை. டெங்கு பார்க்க வருகிறவர்கள் ஒன்றாம் நம்பரிலிருந்துதான் தொடங்குகிறார்கள். அவளுடைய தண்ணீர் பீப்பாயைத்தான் முதலில் திறக்கிறார்கள். கணக்கெடுப்பு, நோட்டீஸ், தப்பான கடிதம் எல்லாமே அவள் வாசலில்தான். போன வாரம் வந்து, நம்பரை மாற்றிக்கொள்ளலாமா என்று மெதுவாகக் கேட்டாள்.

“இது கடிதம் வர்ற நம்பரு மதினி. குடுக்க மாட்டேன்.”

சங்கத்தில் நான் இன்னும் ஒன்றுதான். அந்த நம்பர் கீழே புதைகாட்டுக்குப் போகிற அன்றைக்கு மிஸ் பச்சைக் கயிறு கட்டிய விறகோடு வருவார், ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஆனால் அதற்கு இப்போது ஒன்றும் அவசரமில்லை.