நான் ஊதாத விசில்

மூன்று வருடங்களுக்கு முன் கணபதி என்னும் ஊரில் நடந்த பெண்கள் கூடைப்பந்து இறுதிப் போட்டி அது. கணபதி அணியும் போத்தனூர் அணியும் மோதின. முதன்மை நடுவர் நான்தான். மைதானம் முழுக்க உள்ளூர்க் கூட்டம்.

இரண்டாம் பாதியில் பக்கவாட்டுக் கோட்டிலிருந்து பந்தை உள்ளே எறிய வந்த போத்தனூர்ப் பெண், நான் காட்டிய இடத்தை விட்டு நாலைந்து அடி நகர்ந்துவிட்டாள். விசில் ஊதி, பந்தைக் கணபதி அணிக்குக் கொடுத்தேன். கூட்டம் என்னைக் கொண்டாடித் தீர்த்தது.

கடைசிச் சில விநாடிகள். கணபதி அணி கூடை போட்டு ஒரு புள்ளி முந்தியது. அதே பெண் கூடைக்குப் பின்னால் கோட்டுக்கு வெளியே பந்தோடு நின்றாள். எதிரே ஒருத்தி கைகளை விரித்து மறித்தாள். இவள் வெளியிலேயே அந்தக் கோட்டின் மறுமுனை வரை ஓடி, பந்தை நீளமாக வீசினாள். அவளுடைய தோழி பிடித்துக் கூடையில் போட, ஆட்டம் முடிந்தது. போத்தனூர் ஜெயித்துவிட்டது.

"ஓடிப்போட்டா! விசில் ஊதுங்க!" என்று மைதானமே கத்தியது. போட்டியை நடத்திய பட்டறை முதலாளி வேகமாக வந்தார். எங்கள் ஊரில் மிரட்டினாலும் மரியாதை குறையாது.

"ஏனுங்க அம்மணி, அப்ப நகர்ந்ததுக்கு ஊதுனீங்க. இப்ப ஓடுனதுக்கு ஊதலீங்களே? மாத்திச் சொல்லிப்போடுங்க. அடுத்த வருசமும் நீங்க வரோணுமல்லங்க?"

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது.

"அது வெளிய போன பந்துங்க, காட்டுன எடத்துலதான் நிக்கோணும். இது கூடை உழுந்ததுக்கு அப்புறம் எறியறதுங்க. அஞ்சு விநாடிக்குள்ள கோட்டுக்குப் பின்னால எங்க வேணாலும் ஓடலாம். மாத்த மாட்டேனுங்க."

பரிசளிப்பில் மற்ற நடுவர்களுக்கெல்லாம் பொன்னாடை போர்த்தினார்கள். என் பெயரை மட்டும் வாசிக்கவில்லை. நான் எழுந்து போய்விடுவேன் என்று நினைத்திருப்பார்கள். முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, போத்தனூர்ப் பெண்கள் கோப்பை வாங்கியபோது கை வலிக்கத் தட்டினேன்.

மேடையிலிருந்து இறங்கியதும் பந்தோடு ஓடிய அந்தப் பெண் என்னிடம் வந்தாள். "அக்கா, மொதல்ல எனக்கு ஊதுனீங்கல்ல, அப்ப உங்களைத் திட்டிப்போட்டனுங்க."

"தெரியும் கண்ணு, காதுல உழுந்துச்சு" என்றேன். இருவரும் சிரித்துவிட்டோம்.

அதன்பிறகு அந்தப் போட்டிக்கு என்னை அவர்கள் கூப்பிடவே இல்லை. போகட்டும். அன்று தலையாட்டியிருந்தால் வருடா வருடம் மேடை ஏறியிருப்பேன். ஆனால், எந்த மைதானத்திலும் விசிலை வாயில் வைக்க எனக்கு மனசு வந்திருக்காது.