ஒன்பதாவது கட்டத்தில் போட்ட டிக்

1. மாட்டிலிருந்து நாய்க்கு

பதினெட்டு வருஷம் மாட்டுக் காது பார்த்துப் பிழைத்தவள் நான். ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியின் திருவனந்தபுரம் கிளையில் கால்நடை பாலிசிகள் என் பொறுப்பு. வித்துரா, கல்லாறு பக்கம் பசு செத்துப்போனால் ஜீப்பில் போய், காதில் டேக் இருக்கிறதா, அதன் நம்பர் பாலிசியில் உள்ளதுதானா என்று பார்ப்பேன். டேக் இருந்தால் கிளெய்ம் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அழுதுகொண்டு நிற்பவர்களிடம் அதைச் சொல்வது முதல் வருஷம் கஷ்டமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. பழகியதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. இப்போது அதை எழுத வெட்கமாக இருக்கிறது.

நான் ரிட்டயர் ஆக நாலு வருஷம் இருக்கும்போது கம்பெனி நாய்களுக்கும் பாலிசி தொடங்கியது. மானேஜர் என்னைக் கூப்பிட்டார். அவர் மலையாளி. நான் நாகர்கோவில்காரி என்பதால் என்னிடம் மட்டும் பாதித் தமிழில் பேசுவார்.

"பகவதி மேடம், மாடு நோக்குன்ன ஆளுதான் பட்டியையும் நோக்கணும். வேற ஆளு இல்லை."

பட்டி என்றால் மலையாளத்தில் நாய். சரி, மாட்டுக்குப் பதில் நாய், ஃபாரத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது என்று நினைத்தேன். ஃபாரத்தில் இல்லைதான். ஆட்களிடம் இருந்தது. மாட்டுக்காரரிடம் மாட்டின் விலை என்ன என்று கேட்டால் உடனே சொல்லிவிடுவார். நாய்க்காரர் அந்தக் கேள்வியைக் கேட்டதும் கோபப்படுவார், இல்லையென்றால் சிரிப்பார்.

2. "முதலாகுமா?"

மணி சார் வந்தது அந்த முதல் வருஷம்தான். சாலைக் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் அக்கவுண்டன்ட். வீடு கிழக்கேகோட்டை அக்கிரஹாரத்தில். மனைவி காலமாகிப் பல வருஷம் ஆகிவிட்டது. ஒரே மகள் வேலை கிடைத்து பெங்களூர் போய்விட்டாள். போகும்போது தான் ஆசைப்பட்டு வாங்கிய லாப்ரடாரை அப்பாவிடம் விட்டுவிட்டுப் போயிருந்தாள். பெயர் லில்லி, வயது இரண்டு. பாலிசி எடுக்கச் சொல்லி ஃபோனில் நச்சரித்ததும் அவள்தான்.

"கேட்டேளா மேடம், இதுக்குக் கெட்டற காசு முதலாகுமா?"

போட்ட காசுக்குத் தகுமா என்பதை இங்கே தமிழரும் அப்படித்தான் கேட்போம். நான் எல்லோரிடமும் சொல்வதை அவரிடமும் ஒப்பித்தேன். விபத்து, ஆபரேஷன், சாவு இவற்றுக்குப் பணம் உண்டு. தடுப்பூசிக்கு இல்லை, பழைய வியாதிக்கு இல்லை, முதல் மாசம் வருகிற வியாதிக்கும் இல்லை. முதலில் நீங்கள் கட்ட வேண்டும், பில்லைக் கொடுத்தால் பிறகு வரும். நாய்க்கு வயதாகிவிட்டால் பாலிசி நின்றுவிடும். அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார்.

ஃபாரத்தின் ஒன்பதாவது கட்டம், பயன்பாடு. செல்லம், காவல், இனப்பெருக்கம் என்று மூன்று சின்னப் பெட்டிகள். நான் பேனாவை வைத்துக்கொண்டு கேட்டேன். மணி சார் திரும்பிப் பார்த்தார். கார் பாலிசி புதுப்பிக்க வந்த இரண்டு பேர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். இருவரும் அவர் தெருக்காரர்கள்.

"காவலுக்குத்தான்," என்றார், அவர்களுக்கும் கேட்கும்படி. "தனி ஆளில்லையா நான். ஆத்துக்குள்ள எல்லாம் சேக்கறதில்லை."

அவருடைய பேண்டில், முழங்கால்வரை, மஞ்சள் முடி ஒட்டியிருந்தது. எனக்கு அது நன்றாகவே தெரிந்தது. இருந்தாலும் காவல் என்ற பெட்டியில் டிக் போட்டேன். சொன்னதை எழுதுவதுதான் என் வேலை என்று அப்போது நினைத்தேன்.

இந்த பாலிசி செல்லமாக வளர்க்கிற நாய்களுக்கு மட்டும்தான். கடைக்கும் குடோனுக்கும் காவல் நிற்கிற நாய்க்குக் கிடையாது என்று விதிகளில் தெளிவாகவே இருக்கிறது. கம்ப்யூட்டர் அதைத் தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை, பாலிசி அச்சாகி வந்துவிட்டது. நானும் கவனிக்கவில்லை.

3. ஒரு மணிக்கூர்

அடுத்த மாம்பழ சீசனில் லில்லி ஒரு மாங்கொட்டையை விழுங்கிவிட்டது. இரண்டு நாள் வாந்தி. கிளினிக்கில் ஸ்கேன் பார்த்தால் கொட்டை குடலில் மாட்டிக்கொண்டிருக்கிறது. உடனே வயிற்றைத் திறக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். காலை பதினொன்றே காலுக்கு எனக்கு ஃபோன்.

"மேடம், மணியாக்கும் பேசறது. லில்லி மாங்கொட்டைய முழுங்கிட்டா. வயத்தக் கீறணுமாம். நம்ம பாலிசில கெடைக்குமோல்லியோ?"

ஃபைலைத் திறந்தேன். ஒன்பதாவது கட்டம் கண்ணில் பட்டது. காவல் என்ற பெட்டியில் நான் போட்ட டிக்.

"கொஞ்சம் இருங்க சார். பாத்துட்டுக் கூப்பிடுதேன்."

கொச்சி ஆபீசுக்கு ஃபோன் போட்டேன். மீட்டிங் என்றார்கள். மானேஜரைத் தேடினேன், அவர் பேங்குக்குப் போயிருந்தார். விதிகளை எடுத்து முதலிலிருந்து படித்தேன். திரும்ப அவரைக் கூப்பிடும்போது மணி பன்னிரண்டு இருபது.

"உறுதியாச் சொல்ல முடியல சார். கிடைக்காமலும் போகலாம்."

"செரி மேடம்," என்றார். பிறகுதான் டாக்டரிடம் போய்ச் சம்மதம் சொல்லியிருக்கிறார். அதுவரை டாக்டரிடம் அவர் கேட்டிருந்தது, "ஒரு மணிக்கூர் தரணும்."

லில்லி பிழைத்துக்கொண்டது. ஆனால் குடலில் ஒரு துண்டு கறுத்துப்போய் அதை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. ஒரு மணி நேரம் முன்னாடி பண்ணியிருந்தால் அந்தத் துண்டு தப்பியிருக்குமா என்று மணி சார் டாக்டரிடம் கேட்டார். சொல்ல முடியாது என்றார் டாக்டர். மாட்டு கிளெய்ம் காலத்தில் பழக்கமான இன்னொரு டாக்டரிடம் நானும் தனியாக அதையே கேட்டேன். அவரும் சொல்ல முடியாது என்றுதான் சொன்னார்.

4. நேரில் கண்டது

கிளெய்ம் பேப்பர் வந்ததும் மானேஜர் ஒன்பதாவது கட்டத்தில் விரலை வைத்தார்.

"காவலுன்னு எழுதிட்டு இப்போ செல்லம்னு சொன்னா எங்ஙனே சரியாகும் மேடம்?"

"டிக் போட்டது நான் சார். அவர் பேண்ட்ல நாய் முடி ஒட்டியிருந்ததப் பாத்துக்கிட்டேதான் போட்டேன்."

"அது ஃபைலில் எழுதான் பற்றுமோ?"

"முடியும் சார். எழுதுதேன்."

எழுதினேன். விளக்கம் கேட்டு எனக்கு ஒரு மெமோ வந்தது, சர்வீஸில் முதலும் கடைசியுமாக. கூடவே, நேரில் போய்ப் பார்த்து ரிப்போர்ட் தரவும், பாலிசிதாரரிடம் எழுத்தில் வாக்குமூலம் வாங்கவும் உத்தரவு.

வீட்டுக்குப் போனேன். கூடத்தில் மணி சாரின் கட்டில். அதை ஒட்டி ஒரு சின்ன மெத்தை, அதன்மேல் துவைத்து விரித்த பெட்ஷீட். ஆத்துக்குள் சேர்க்காத நாய் அங்கேதான் வயிற்றில் கட்டோடு படுத்திருந்தது. என்னைக் கண்டதும் எழுந்து வந்தது. குரைக்கவில்லை. கைப்பையைக் கீழே வைத்தேன். அதன்மேல் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டது.

ரிப்போர்ட்டில் இப்படி எழுதினேன்: "அந்நியரைக் கண்டு குரைக்கவில்லை. அந்நியரின் கைப்பையைத் தலையணையாக வைத்துக்கொண்டது. காவலுக்குத் தகுதியில்லை." என் சர்வீஸில் நான் எழுதிய ரிப்போர்ட்டுகளில் எனக்குப் பிடித்தது இதுதான்.

வாக்குமூலம்தான் கஷ்டமாக இருந்தது. மணி சார் அழகான இங்கிலீஷில் ஒன்று எழுதினார், கிழித்தார். இன்னொன்று எழுதி அதையும் கிழித்தார்.

"காவல் இல்லேன்னா, பின்ன எதுக்குன்னு எழுதியாகணும், இல்லியா மேடம்?"

"ஆமா சார்."

இன்னொரு தாளை எடுத்தார். பிறகு தமிழில் ஒரே வரி எழுதி, என் முகத்தைப் பார்க்காமல் நீட்டினார். "மகள் போன பிறகு இந்த வீட்டில் நான் வாய் திறந்து பேசுவது இதனிடம் மட்டும்தான்."

எத்தனையோ பேருடைய வாக்குமூலம் வாங்கியிருக்கிறேன். இதை மட்டும் ஃபைலில் வைத்துத் தைக்கும் முன் இன்னொரு முறை படித்தேன். கிளெய்ம் பாஸாகிவிட்டது, வழக்கமான பிடித்தங்கள் போக.

5. புதுப்பிக்கும் நாள்

பாலிசி முடிகிற வாரம் மணி சார் வந்தார். நான் ஃபாரத்தை நிரப்பித் தயாராக வைத்திருந்தேன், செல்லம் என்ற பெட்டியில் டிக் போட்டு. அவர் அதை என் பக்கமே தள்ளினார்.

"வேண்டாம் மேடம்."

"ஏன் சார்? கெட்டினதுக்கு மேலேயே திரும்பி வந்துருக்கே."

"கணக்குப்படி பாத்தா முதலாச்சு, நான் இல்லேன்னு சொல்லலை. ஆனா அன்னிக்கு ஆபரேஷனுக்கு வேண்டிய பணம் என் கையில இருந்தது. பாலிசின்னு ஒண்ணு இல்லேன்னா, டாக்டர் சொன்ன உடனே கீறுங்கோன்னு சொல்லிருப்பேன். இது இருக்கேன்னுதான் உங்களுக்கு ஃபோன் பண்ணினேன். அவ என் கால்மேல தலைய வெச்சுண்டு முனகிண்டிருந்தா. நான் ஃபோனையே பாத்துண்டு உக்காந்திருந்தேன்."

"அது உங்க தப்பில்ல சார். நான்தான் இழுத்தடிச்சேன்."

"யார் தப்புன்னு நான் பேச வரலை மேடம். நான் எப்படிப்பட்டவன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அவ்வளவுதான்."

நமஸ்காரம் சொல்லிவிட்டுப் போனார். ஃபாரத்தைக் கிழித்துப் போட்டேன். அன்று முழுக்க வேலை ஓடவில்லை.

6. இப்போது கேட்பவர்களுக்கு

ரிட்டயர் ஆன பிறகும் நாய் பாலிசி முதலாகுமா என்று என்னிடம் கேட்கிறார்கள். அவசரத்துக்குக் கையில் பணம் இருக்காது என்றால் எடுங்கள், நாய் சின்னதாக இருக்கும்போதே எடுங்கள், எதற்குக் கிடைக்காது என்பதை முதலில் படியுங்கள் என்பேன். பணம் இருக்கிறவர்களிடம் மணி சார் கதையைச் சொல்வேன். பிறகு அவர்கள் பாடு.

புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகளுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. டாக்டர் முன்னால் நின்றுகொண்டு ஒருவர் ஃபோன் செய்தால் ஃபைலைத் திறக்காதீர்கள். "கையில பணம் இருக்கா? இருந்தா முதல்ல சரின்னு சொல்லிட்டு வாங்க, கிளெய்ம் பிறகு" என்று சொல்லுங்கள். எந்த மானுவலிலும் இது இல்லை. கடைசி வருஷத்தில் அப்படி நாலு பேருக்குச் சொன்னேன். அதில் ஒருவருக்குக் கிளெய்ம் கிடைக்கவில்லை.

அவர் ஆபீசுக்கே வந்து, என் மேஜையைத் தட்டி, எல்லோர் முன்னாலும் என்னைத் திட்டினார். ஒரு கையால்தான் தட்டினார். இன்னொரு கையில் நாயின் கயிறு இருந்தது, நாய் என் செருப்பை முகர்ந்துகொண்டிருந்தது.