மேல் தகடு அடி

புதிதாக ஓடு போட்ட கூரை முதல் மழையிலேயே ஒழுகினால், ஓடு போட்டவர் கூரையில் கண்ணாடி ஜன்னல் மாட்டியவரைக் கை காட்டுவார். கண்ணாடிக்காரர் ஓடு போட்டவரைக் காட்டுவார். வீட்டுக்காரர் இரண்டு பேரையும் விட்டுவிட்டு சூப்பர்வைசரைப் பிடிப்பார். தொண்ணூறுகளின் நடுவில், பெங்களூரில் ஒரு சின்ன கான்ட்ராக்டரிடம் நான்தான் அந்த சூப்பர்வைசர். சிவிலில் டிப்ளமோ. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏணி ஏறுகிற பெண்ணைத் தெருவே நின்று வேடிக்கை பார்க்கும். பார்த்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுவேன்.

காக்ஸ் டவுனில் டோரதி ஆன்ட்டியின் வீடு. ஆன்ட்டி கல்யாண கவுன் தைப்பவர். பழைய ஓடுகள் நொறுங்கிப்போனதால் கூரை முழுவதையும் பிரித்து மங்களூர் ஓடு போட்டோம். மாடி அறைதான் அவருடைய தையல் அறை. அதற்குக் கூரையிலேயே இரண்டு கண்ணாடி ஜன்னல் வேண்டும் என்றார்.

"டியூப்லைட்ல எல்லா வெள்ளையும் ஒரே வெள்ளையா தெரியும் சாந்தி. ஐவரி சாட்டின்ல மில்க் ஒயிட் லேஸ் வச்சுத் தச்சுட்டேன்னா, சர்ச் வாசல்ல போட்டோ எடுக்கும்போது என் மானம் போயிடும்."

தவக்காலத்தில் கிறிஸ்தவர்கள் கல்யாணம் வைப்பதில்லை. ஈஸ்டர் முடிந்ததும் வரிசை கட்டி வரும். பெங்களூரில் கோடை மழையும் சரியாக அப்போதுதான் வரும்.

முதல் மழையில் ஒரு ஜன்னலின் ஓரமாகத் தண்ணீர் சுவரில் வழிந்தது. நான் ஈஜிபுராவில் கான்கிரீட் போடுகிற வேலையில் மாட்டிக்கொண்டிருந்தேன். முதலாளி கன்னடக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார். "ஏனூ ஆகல்ல, ஒண்ணும் ஆகாது சாந்தி, சுத்தி சிலிக்கான் பசை அடிச்சு விட்டா முடிஞ்சுது, அஷ்டே" என்று ஓர் ஆளை அனுப்பிவிட்டார். அந்த ஆளும் ஜன்னலைச் சுற்றிக் கேக்குக்கு ஐசிங் வைப்பதுபோல வைத்துவிட்டுப் போனான். முதலாளியே ஆன்ட்டிக்குப் போன் போட்டு, "இனிமே ஒரு சொட்டு வராது மேடம், நான் கேரண்டி" என்றார்.

ஆன்ட்டி நம்பினார். ஓரமாகத் தள்ளி வைத்திருந்த துணி வெட்டுகிற மேசையை மறுபடி ஜன்னலுக்குக் கீழே கொண்டுவந்தார்.

அடுத்த மழையில் தண்ணீர் சுவரில் வழியவில்லை. சிலிக்கான் அந்த வழியை அடைத்திருந்தது. அது வேறு வழி தேடி, ஓடு உட்கார்ந்திருக்கும் ரீப்பர் கட்டை வழியாக ஓடி, மேசைக்கு நேர் மேலே சொட்டியது. ஓடு அறுத்த செம்புழுதியெல்லாம் உள்ளேயே கிடந்ததால் சொட்டு சிவப்பாக விழுந்தது. மேசையில் விரித்திருந்தது முக்கால்வாசி முடிந்த ஒரு கவுன். கல்யாணம் அந்தச் சனிக்கிழமை.

நான் போனபோது மணப்பெண்ணின் அம்மா நாற்காலியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். "ரத்தம் மாதிரி இருக்கே, என் பொண்ணு இதைப் பார்த்தா போடவே மாட்டா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஆன்ட்டி அவரிடம், "முன்பக்கத்தைப் புதுசா வெட்டித் தச்சுத் தரேன், நீங்க வீட்டுக்குப் போங்க" என்றார். பிறகு சுவரில் தொங்கிய மற்ற கவுன்களைக் காட்டினார்.

"இன்னொரு சொட்டு விழுந்துதுன்னா எங்கிட்ட யாரும் துணி குடுக்க மாட்டாங்க. கண்ணாடிய எடுத்துட்டு ஓடு போட்டுடு சாந்தி."

"ஒரு நாள் குடுங்க ஆன்ட்டி" என்றேன்.

மறுநாள் காலை ஓட்டு மேஸ்திரி மாதப்பனையும் கண்ணாடி மாட்டிய சலீம் பாயையும் கூட்டிக்கொண்டு கூரை ஏறினேன். ஜன்னலைச் சுற்றி அலுமினியத் தகடு வரும். ஜன்னலுக்கு மேல்பக்கம் இருக்கும் தகடு ஓட்டுக்கு அடியில் போகவேண்டும். அப்போதுதான் மேலிருந்து வரும் தண்ணீர் ஓட்டிலிருந்து தகட்டில் இறங்கும். இங்கே அது ஓட்டின் மேலே உட்கார்ந்திருந்தது. போதாததற்கு வரிசையாக ஆணி. வந்த தண்ணீரெல்லாம் நேராகத் தகட்டுக்கு அடியில் புகுந்திருக்கிறது.

"யார் பாய் இதை அடிச்சது?"

"நான்தான் மேடம். மேஸ்திரி சொன்னார், அடிச்சேன்."

மாதப்பனுக்கு முகம் சிவந்துவிட்டது. "நான் எப்பய்யா அடிக்கச் சொன்னேன்?"

"அரே, முகட்டுல உக்காந்து கத்தினீங்களே, 'பாய், மேல் தகடு அடி'ன்னு! ஓடு ஒடயாம பாத்துப் பாத்து அடிச்சேன்."

"அடின்னா அடியில! ஓட்டுக்கு அடியில! தர்மபுரிக்காரன் நான், எங்க பக்கம் அப்படித்தான் சொல்லுவோம், வேற எப்படிச் சொல்றது?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. சலீம் பாய்க்கு வீட்டில் உருது, வேலையிடத்தில் தமிழ். அந்தத் தமிழில் 'அடி' என்றால் சுத்தியல்தான். சொன்னதை அவர் அப்படியே செய்திருக்கிறார். அன்றிலிருந்து என் சைட்டில் 'அடியில்' என்ற சொல்லையே ஒழித்தேன். "ஓட்டுக்குள்ள சொருகு" என்றுதான் சொல்லவேண்டும்.

சிலிக்கானைச் சுரண்டி எடுத்து, மேல் வரிசை ஓடுகளைக் கழற்றி, புதுத் தகடு வெட்டிச் சொருகினோம். இன்னொரு ஜன்னலிலும் அதே கதைதான்; அதையும் மாற்றினோம். முகட்டிலிருந்து ஹோஸ் வைத்து, உள்ளே அண்ணாந்து நின்ற சலீம் பாய்க்குக் கழுத்து வலிக்கும்வரை தண்ணீர் விட்டோம். சொட்டவில்லை. சனிக்கிழமைக் கல்யாணமும் புது முன்பக்கத்தோடு நடந்தது. அந்த வருட மழைக்காலம் முழுவதும் ஆன்ட்டியிடமிருந்து போன் வரவில்லை. வேலையைச் சுத்தமாக முடித்தோம் என்று எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

சில வருடம் கழித்து, என் சிநேகிதி ஒருத்திக்குக் கவுன் தைக்க அவளோடு அங்கே போனேன். மாடியில் நல்ல வெயில். இரண்டு ஜன்னல் வெளிச்சமும் வெறும் தரையில் விழுந்துகொண்டிருந்தது. மேசை எதிர்மூலையில், டியூப்லைட்டுக்குக் கீழே. ஆன்ட்டி இரண்டு வெள்ளைத் துணிகளைத் தூக்கிக்கொண்டு, முழங்காலைப் பிடித்தபடி படியிறங்கி, வாசலில் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு மறுபடி ஏறிவந்தார்.

"ஜன்னல் ஒழுகுதா ஆன்ட்டி?"

"இல்லம்மா. நீ சரி பண்ணினப்புறம் ஒரு நாள்கூட ஒழுகல."

"அப்புறம் ஏன் மேசைய அங்க போட்டிருக்கீங்க?"

"ஒழுகாதுன்னு முன்னாடியும் சொன்னீங்கல்ல சாந்தி?"

கோபமாகச் சொல்லவில்லை. சிலிக்கான் வைத்த அன்று, பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்று மட்டும் சொல்லியிருந்தால் அந்த மேசை ஜன்னலுக்குக் கீழே வந்திருக்காது. கூரையில் நாங்கள் மாற்றியது தகட்டைத்தான். கேரண்டி என்று போனில் சொன்னதை மாற்ற எந்த ரிப்பேராலும் முடியவில்லை. அதன்பிறகு எந்த வீட்டிலும், ஒரு முழு மழையை உள்ளே நின்று பார்க்காமல் 'இனிமேல் ஒழுகாது' என்று நான் சொன்னதில்லை. முதலாளியையும் சொல்ல விட்டதில்லை.