ஸ்டெல்லாவின் பதினொன்றும் என் ஏழும்

போன வாரம் ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் கால்நடை முகாம். கறவை மாடு ஒன்றுக்கு முன்னங்கால் முட்டி வீங்கியிருந்தது. வீக்கத்துக்குத் தேய்க்கிற லினிமென்ட் பாட்டிலைத் திறந்தேன். டர்பன்டைனும் கற்பூரமும் கலந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குத் தோள்பட்டை வலித்தது. வீக்கம் மாட்டுக்கு, வலி உனக்கா என்று கேட்பீர்கள். கல்லூரியில் படித்தபோது எனக்கும் இதையேதான் தேய்த்தார்கள். மனுசனுக்கு விற்கிற தைலமெல்லாம் நெற்றிக்குத்தான் காணும், தோளுக்குக் காணாது என்பது எங்கள் குத்துச்சண்டை மாஸ்டரின் கட்சி. மாட்டுப் படம் போட்ட பாட்டிலைத்தான் வாங்கி வைத்திருப்பார். பஸ்ஸில் என் பக்கத்தில் யாரும் உட்காராததற்கு என் உடம்பு மட்டும் காரணமில்லை.

மாட்டின் கயிற்றை ஒரு கையில் பிடித்திருந்த பையன் இன்னொரு கையில் செல்போனை நீட்டினான்.

"டாக்டரக்கா, இவங்களத் தெரியுமா?"

நான் டாக்டர் இல்லை, கால்நடை ஆய்வாளர். திருத்தித் திருத்தி அலுத்துப்போய் விட்டுவிட்டேன். போனில் ஒரு ஃப்ளெக்ஸ் போர்டின் படம். தஞ்சாவூரில் நடக்கப்போகும் விளையாட்டு விழாவுக்குச் சிறப்பு விருந்தினர். காக்கி உடுப்பில் ஸ்டெல்லா சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே பெரிய எழுத்தில்: தோல்வியே காணாத ஹெவிவெயிட் வீராங்கனை, பதினொரு போட்டி, பதினொரு வெற்றி.

"நீங்களும் பாக்ஸிங் போனீங்கன்னு எங்கம்மா சொல்லுச்சு. இவங்களோட மோதியிருக்கீங்களா?"

"ஏழு தடவை."

"எத்தனை ஜெயிச்சீங்க?"

"ஒண்ணும் இல்ல."

பையன் நல்ல பிள்ளை. சிரிக்கவில்லை. என்னைப் பார்க்காமல் மாட்டின் கழுத்தைத் தடவிக்கொடுத்தான். அவன் சிரித்திருந்தால் நான் சும்மா இருந்திருப்பேன். பரிதாபப்பட்டான் பாருங்கள், அதுதான் எனக்கு ஆகவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பதினொன்றைப் பிரித்துப் பார்த்துவிடலாம். அதில் நான்கு, எதிரில் ஆள் வராததால் ரெஃப்ரி கையைத் தூக்கிவிட்ட வெற்றி. மிச்சம் ஏழு. அந்த ஏழும் நான். ஸ்டெல்லா தன் வாழ்நாளில் மேடையில் நிஜமாக அடித்த ஒரே பெண் நான்தான். என்னை எடுத்துவிட்டால் அந்த ஃப்ளெக்ஸில் அவள் சிரிப்பு மட்டும்தான் மிஞ்சும்.

எங்கள் ஊர் டீக்கடையில் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவர் அறுவடை மெஷின் ஓட்டுகிறவர், மற்றவர் உரக்கடையில் வேலை. வெளிநாட்டு ஹெவிவெயிட் சாம்பியன்களின் பழைய சண்டைகளைப் போனில் பார்ப்பதும், பிறகு இவர்கள் சண்டை போடுவதும்தான் சாயங்காலப் பொழுது. மெஷின்காரருக்குப் பிடித்த சாம்பியன் ஒரு சண்டைகூடத் தோற்காதவன். உரக்கடைக்காரரின் சாம்பியன் பல தடவை தோற்றவன், ஆனால் அந்தக் காலத்துப் பெரிய கைகள் ஒருவர் விடாமல் மோதியவன்.

"தோக்கலய்யா. அதுக்கு மேல என்ன பேச்சு?"

"யாரோட மோதுனான் உன் ஆளு? அதச் சொல்லு முதல்ல."

நான் டீயை ஆற்றிக்கொண்டே உரக்கடைக்காரர் பக்கம் தலையை ஆட்டுவேன். யாரை அடித்தாய் என்று கேட்காமல் எத்தனை ஜெயித்தாய் என்று கேட்பவர்களோடு எனக்குப் பேச்சு ஓடாது.

சின்ன வயதிலிருந்தே எனக்குப் பெரிய உடம்பு. வகுப்பில் கடைசி பெஞ்சு, போட்டோவில் கடைசி வரிசை. விசேஷத்துக்கு வருகிற உறவுக்காரர்கள் என் காதுபடவே அம்மாவிடம், "புள்ளையக் கொஞ்சம் கொறைக்கச் சொல்லு" என்பார்கள். உலகத்திலேயே என்னைப் பார்த்து இன்னும் கொஞ்சம் ஏற்று என்று சொன்ன இடம் ஒன்றே ஒன்றுதான். பெண்களில் ஹெவிவெயிட் என்றால் எண்பத்தொரு கிலோவைத் தாண்ட வேண்டும். அதற்குக் கீழ்ப் பிரிவில் எங்கள் அணியில் ஏற்கெனவே ஒருத்தி இருந்தாள். நானோ எல்லைக்கு ஒரு மூச்சு கீழே நிற்பேன். நடவு நேரத்தில் வயலில் இறங்கினால் அந்த ஒரு மூச்சும் போய்விடும்.

அம்மா இதைக் கேட்டதும் நம்பவே இல்லை. என் தாத்தா பண்ணையாளாக நின்ற வயலைத்தான் அப்பா குத்தகைக்கு எடுத்து உழுதுகொண்டிருந்தார். பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டு வெறும் வடிகஞ்சி குடித்துப் படுத்தவள் அம்மா. அவளிடம் போய், எடை போதவில்லை, சோறு போடு என்று அரசாங்கமே கேட்கிற மாதிரி சொன்னால் எப்படி இருக்கும். எடை பார்க்கிற நாளில் மற்ற பெண்கள் எச்சிலைக்கூட விழுங்காமல் துப்பிக்கொண்டு நிற்பார்கள். நான் மட்டும் வாசலில் குந்தி, அம்மா தூக்குவாளியில் கொடுத்துவிட்ட பழைய சோற்றைத் தின்றுவிட்டு, நீராகாரத்தையும் ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டு மிஷினில் ஏறுவேன். முள் தாண்டியதும் எனக்கு வருகிற ஏப்பத்தைக் கேட்டு அந்தப் பெண்களின் கண்ணில் தண்ணீர் வரும்.

நாங்கள் பயிற்சி எடுத்தது நெல் கொள்முதல் நிலையத்தின் காலிக் கொட்டகையில். அறுவடை வந்தால் மூட்டைகள் வந்துவிடும், எங்களுக்கு லீவு. மற்ற மாதங்களில் மணலும் உமியும் அடைத்த சாக்கைக் கட்டித் தொங்கவிட்டுக் குத்துவோம். குத்தக் குத்தத் தையல் வழியாக உமி பறந்து மூக்கில் ஏறும். தும்மிக்கொண்டே குத்திப் பழகியவள் நான். மேடையில் எவ்வளவு அடி வாங்கினாலும் எனக்கு மூச்சுத் திணறியதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டுக்கோட்டையிலிருந்து ஸ்டெல்லா பஸ் ஏறி வருவாள். அவள் அப்பா தேங்காய் வியாபாரி. கூலியாள் வராத நாட்களில் மட்டை உரிக்கிற வேலை அவளுக்கு. அந்தத் தோளும் நீளக் கையும் அப்படி வந்தவை. லுத்தரன் சபைக் குடும்பம். மேடை ஏறியதும் மூலையில் கண்ணை மூடி ஜெபிப்பாள். எனக்காகவும் சேர்த்துத்தான் ஜெபிக்கிறேன் என்பாள். ஜெபித்துவிட்டு வந்து என் தாடையில் விடுவாள். பகை, பொறாமை என்றெல்லாம் எங்களுக்குள் எதுவும் இருந்ததில்லை. ஒரே தட்டில் முறுக்கு தின்போம். அவளை ஒரு தடவையாவது ஜெயிக்க வேண்டும் என்று மட்டும் எனக்கு உள்ளே எரிந்துகொண்டே இருக்கும்.

ஆறு தோல்விக்குப் பிறகு வந்தது அந்த மண்டலப் போட்டி. ஒவ்வொரு பிரிவிலும் முதல் ஆள் மட்டும் மாநிலப் போட்டிக்குப் போகலாம். அங்கே போனால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு வழி பிறக்கும். கீழ்ப் பிரிவுக்காரி அந்த வருடம் கல்யாணமாகி வெளியூர் போய்விட்டாள். மாஸ்டர் யோசித்தார். அம்மாவின் சோற்றில் நான் எல்லையைத் தாண்டி வெகுதூரம் போயிருந்தேன். ஸ்டெல்லா ஒட்டினாற்போலத்தான் மேலே இருந்தாள். அவள் இளைத்துக் கீழ்ப் பிரிவுக்குப் போய்விட்டால் அங்கே அவள், இங்கே நான். ஹெவிவெயிட்டில் வேறு யாரும் பெயர் கொடுக்கவில்லை. இரண்டு பேரும் மாநிலப் போட்டிக்குப் போகலாம்.

ஸ்டெல்லா அவித்த கொண்டைக்கடலையும் வெள்ளரிக்காயுமாக நாளைத் தள்ளினாள். கண்ணெல்லாம் உள்ளே போய்விட்டது. காலையில் தஞ்சாவூரில் எடை பார்க்க வேண்டும், பட்டுக்கோட்டையிலிருந்து முதல் பஸ் பிடித்தாலும் நேரத்துக்கு வர முடியாது. அதனால் முந்தின நாளே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். மாஸ்டர் வீட்டில் கையுறை வாங்கிவர நான் கிளம்பினேன். கிளம்பும்போது அம்மாவிடம் சொன்னேன், "ஸ்டெல்லாவுக்குச் சோறு போட்டுடாதம்மா. அவ சாப்புடக் கூடாது." அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

திரும்பி வந்தபோது ஸ்டெல்லா மூன்றாவது தடவையாகக் கோழிக்குழம்பு ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கை நின்றது. கண்ணில் தண்ணீர். அம்மா என்னைக் கொல்லைப்பக்கம் இழுத்துப்போய்ப் பிடித்துக்கொண்டாள்.

"எதிராளியப் பட்டினி போட்டு எடை கொறைச்சு ஜெயிக்கப் பாக்குறியா? நம்ம வீட்ல அந்தப் புத்தி யாருக்கும் கெடையாதுடி. எங்கேருந்து வந்துச்சு உனக்கு?"

இத்தனை வருடம் மிஷின் ஏறுமுன் சோறு தின்கிற பெண்ணைத்தான் அம்மா பார்த்திருக்கிறாள். குத்துச்சண்டைக்காரிகள் எல்லோரும் எடை ஏற்றத்தான் தவிக்கிறார்கள் என்பது அவள் கணக்கு. ஸ்டெல்லா வேண்டாம் என்று ஒரு தடவை சொல்லியிருக்கிறாள். "பசிச்ச வயித்தோட ஒரு பொண்ண நான் அனுப்ப மாட்டேன் கண்ணு" என்று அம்மா தட்டைப் போட்டுவிட்டாள். வாரக்கணக்கில் கடலை தின்ற பெண் அந்தக் குழம்பு வாசனையில் என்ன செய்வாள் சொல்லுங்கள். எங்கள் வீட்டுப் பொன்னி அரிசிச் சோற்றுக்கு நானே எதிர்த்து நின்றதில்லை.

காலையில் முள் எண்பத்தொன்றைத் தாண்டி நின்றது. ஸ்டெல்லா வளாகத்தைச் சுற்றி ஓடினாள், வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தாள். இறங்கவில்லை. ஹெவிவெயிட்டில் பெயரை மாற்றி எழுதினார்கள். மறுபடியும் அவளும் நானும்.

அதற்கு முந்தின போட்டியில் அடிபட்ட என் விலா அப்போது முழுக்க ஆறியிருக்கவில்லை. மாஸ்டர் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார், "நீ எறங்காத. ரெண்டே பேரு. எறங்கலன்னாலும் வெள்ளி உனக்குத்தான்."

"படுத்துக்கிட்டு வாங்குற வெள்ளி எனக்கு வேணாம் மாஸ்டர்."

கையில் துணி சுற்றிக்கொண்டிருந்தபோது ஸ்டெல்லா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஏ, இன்னைக்கு நீ ஜெயிச்சுக்கடி. நீ போ மாநிலத்துக்கு. எல்லாம் நான் தின்ன சோத்தால வந்தது."

எனக்கு வந்த கோபத்தை இன்றைக்கு நினைத்தாலும் காது சூடாகிறது. ஆறு தடவை முழு மனதோடு தோற்றவள் நான். ஏழாவதை எனக்கு யாரோ தானமாகப் போடுவதா?

"கை ஓங்காம விட்டீன்னா அப்புறம் எங்க வீட்டுப் பக்கம் வந்துடாத. எங்கம்மா போட்ட சோத்துக்கு ஒழுங்கா அடி."

முதல் ரவுண்டில் அவள் குத்தவில்லை, தடவினாள். பல்லில் மாட்டிய ரப்பரோடு "அடிடி" என்று கத்தினேன். பேசக் கூடாது என்று ரெஃப்ரி என்னை எச்சரித்தார். இரண்டாவது ரவுண்டில் அவள் மறுபடியும் சும்மா கையை நீட்டியபோது, என் உடம்பின் மொத்த எடையையும் வலது கையில் வைத்து விட்டேன். ஊர் முழுக்கக் குறைக்கச் சொன்ன எடை. ஸ்டெல்லா கயிற்றில் போய்ச் சாய்ந்தாள். ரெஃப்ரி என்னை விலக்கிவிட்டு எண்ண ஆரம்பித்தார். எட்டுக்குள் அவள் கையைத் தூக்கவில்லையென்றால் நான் ஜெயித்தேன், யாரும் ஒரு சொல் சொல்ல முடியாது. அவள் என்னைப் பார்த்தாள். நான் என் கையுறைகளை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். வா என்று அர்த்தம். கடைசி எண்ணில் அவள் கை மேலே வந்தது.

அதற்குப் பிறகு அவள் தடவவில்லை. விலா, தாடை, மறுபடி விலா. கடைசி மணி அடித்தபோது நான் நின்றுகொண்டுதான் இருந்தேன். ரெஃப்ரி அவள் கையைத் தூக்கினார். அவள் இன்னொரு கையால் என் கையைத் தூக்கினாள். நான் உருவிக்கொண்டேன். தோற்றவள் கையைத் தூக்கக் கூடாது, அது ஜெயித்தவளுக்கான மரியாதை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள், "ஜெயிச்சியா?"

"இல்லம்மா."

"அந்தப் பொண்ணு?"

"ஜெயிச்சிட்டா."

"போகட்டும். போட்ட சோறு வீண்போகல."

விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். ஸ்டெல்லா மாநிலப் போட்டிக்குப் போனாள், அங்கேயும் எதிரில் ஆள் வராமலே ஜெயித்தாள், போலீஸில் வேலை வாங்கினாள். நான் படித்து, மார்க் எடுத்து, மாட்டுக்கு ஊசி போட வந்தேன். உங்க அம்மா மட்டும் சும்மா இருந்திருந்தா என்று இழுப்பவர்கள் இன்றும் உண்டு. அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுவேன். என் அம்மாவின் சோற்றைக் குறை சொல்ல ஒருவருக்கும் நான் இடம் கொடுத்ததில்லை. எட்டு எண்ணியது எந்த ரெக்கார்டிலும் இல்லை. இல்லாவிட்டால் போகிறது. ஸ்டெல்லா தோற்காதவள் என்று ஃப்ளெக்ஸ் அடிக்கிறார்களே, அவளைத் தோற்கவிடாமல் பார்த்துக்கொண்டவள் யார் என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும்.

முகாமில் போன் காட்டிய பையன் விடவில்லை. அவனையும் பைக்கில் ஏற்றிக்கொண்டு விழாவுக்குப் போனேன். கொள்முதல் கொட்டகையைத் தாண்டித்தான் போனோம். பழைய கூரையைப் பிரித்துவிட்டு இரும்பில் பெரிதாகக் கட்டிவிட்டார்கள், வருடம் முழுக்கப் பூட்டு. மாஸ்டர் பிழைப்புக்காக வெளிநாடு போனவர்தான், சேதி இல்லை. கொஞ்சம் கனமாக ஒரு பெண் வந்தால் இப்போதெல்லாம் முதல் நாளே டயட் எழுதிக் கொடுத்து இளைக்க வைத்துவிடுகிறார்களாம். ஹெவிவெயிட்டுக்குப் பெயர் கொடுக்க யாரும் வருவதில்லையாம்.

அன்றைக்கு ஒருத்தி வந்திருந்தாள். நல்ல வாட்டசாட்டமான பெண். தலைக்கவசம், கையுறை எல்லாம் மாட்டி மேடை ஏறி நின்றாள். மைக்கில் பெயரைச் சொன்னார்கள். எதிராளியின் பெயர் என்று ஒன்றும் சொல்லவில்லை. ரெஃப்ரி அவள் கையைத் தூக்கினார். பார்க்க வந்தவர்கள் கை தட்டினார்கள், என் பக்கத்தில் நின்ற பையனும் தட்டினான். ஸ்டெல்லா மெடலோடு மேடை ஏறி, அதை அவள் கழுத்தில் போட்டாள். போட்டுவிட்டு ஏதோ கேட்டாள். மைக் பக்கத்தில் இருந்ததால் எங்களுக்கும் கேட்டது.

"யாரை அடிச்சம்மா?"

"யாரும் வரல மேடம்."

அந்தப் பெண்ணின் முகத்தில் அழுகை முட்டிக்கொண்டு நின்றது. வீட்டில் யாரோ பார்த்துப் பார்த்துச் சோறு போட்டு வளர்த்த உடம்பு, ஒரு குத்துக்கூட விடாமல் கீழே இறங்கப்போகிறது. ஸ்டெல்லா கூட்டத்தில் தேடினாள். என்னைக் கண்டுபிடித்துவிட்டாள். இந்த உடம்பைக் கண்டுபிடிப்பதற்கு என்ன கஷ்டம். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்காமல் எதிர் மூலையைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அங்கே ஒரு ஸ்டூல்கூடப் போடவில்லை.