சாட்டுக்கு முன்னால் போகாத வண்டி

எங்கள் தெருவில் யார் இருந்தவர், யார் வந்தவர் என்று தெரியாவிட்டால் உங்களுக்குச் சோறு இறங்காதோ? வேறு வேலையே இல்லையா? சரி, கேட்டுத் தொலைத்துவிட்டீர்கள். நடுவில் வாயைத் திறந்தால் எழுந்து போய்விடுவேன்.

ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டு, சனங்கள் ஓடிவந்த சமயம். உத்தமபாளையத்துப் பக்கம் எங்கள் ஊர். எனக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. பர்மாவிலிருந்து நடந்தே வந்த ஒருத்தி, ஐந்து வயது மகளோடு நாங்கள் பருத்தி மூட்டை அடுக்கும் கிட்டங்கியில் ஒண்டியிருந்தாள். அவள் அப்பா எங்கள் ஊரில் பிறந்து, ரங்கூன் அரிசி ஆலைக்குப் பிழைக்கப் போனவர். புருஷனை வரும் வழியில் காட்டிலேயே பறிகொடுத்திருந்தாள்.

வந்த நாலாம் நாள் பிள்ளைக்குக் காய்ச்சல். வாந்திபேதியைக் கொண்டுவந்துவிட்டாள் என்று ஊர் பதறியது. அன்று சாயங்காலம் மாரியம்மனுக்குச் சாட்டு, கொட்டடித்துத் திருவிழாவை அறிவிப்பார்கள். சாட்டுக் கொட்டு விழுந்துவிட்டால், திருவிழா முடியும்வரை ஊருக்குள் இருக்கும் விருந்தாளியைக்கூட வெளியே அனுப்பக் கூடாது. அதற்குள் இவளைச் சின்னமனூருக்கு வண்டி ஏற்றி அனுப்பிவிட வேண்டும் என்று முடிவு செய்தார்கள். வேறு எவனும் அந்தப் பிள்ளையை ஏற்ற மாட்டேன் என்றதால், ஊர்ப் பெரியவரான என் மாமனார் தன் வண்டியைப் பூட்டச் சொன்னார்.

நான் தண்ணீர் ஊற்றப் போனபோது பார்த்தேன். வாந்தியும் இல்லை, பேதியும் இல்லை. பிள்ளை நடுங்கிக்கொண்டிருந்தது.

"இந்த வெயில்ல ஏத்துனா எம்புள்ள போய்ச் சேராது அக்கா," என்றாள் அவள்.

மாமனாரிடம் ஓடினேன். "மாமா, அது குளிர்காய்ச்சல். நம்ம ஊருலயே எல்லாருக்கும் வாரதுதான்."

"நீ டாக்டருக்குப் படிச்சியோ? ரெண்டாம் வாய்ப்பாடே தாண்டல."

"மூணு வரைக்கும் தெரியும் மாமா. அவ அப்பன் பொறந்த ஊருதான இது?"

"அப்பன் பொறந்தா? இவ பொறந்தாளா? உள்ள போத்தா!"

உள்ளே போனேன், வண்டி நின்ற மாட்டுக்கொட்டம் வழியாக. சக்கரம் கழன்றுவிடாமல் அச்சில் செருகியிருக்கும் கடையாணியை உருவி, புளிப்பானைக்குள் அமுக்கிவிட்டேன்.

தாயையும் பிள்ளையையும் ஏற்றியபிறகுதான் வண்டிக்காரர் பார்த்தார். "ஐயா, கடையாணியக் காணோம்!"

"ஏலே, மண்ணா முழுங்கிருச்சு? தேடுங்கடா!"

பொழுது மேற்கு மலையைத் தொட்டுவிட்டது. மாமனார் ஒரு வேலங்குச்சியை எடுத்து, ஆணிக்குப் பதிலாக அரிவாளால் செதுக்க ஆரம்பித்தார். நான் கொட்டுச் சத்தத்துக்குக் கோயில் பக்கமே காதை வைத்திருந்தேன். அந்த நேரம் பார்த்து மாமியார் குழம்புக்குப் புளி எடுக்கப் பானைக்குள் கையை விட்டார். கை அப்படியே நின்றது. என்னைப் பார்த்தார்.

"உள்ள எங்கயாச்சும் கெடக்கா?" வெளியிலிருந்து மாமனார்.

மாமியார் பானையை மூடினார். "இங்கன ஒண்ணுமில்ல. அங்கனயே தேடுங்க!" பிறகு என் காதருகில், "துரு ஏறுனா ஒரு வருசத்துப் புளியும் பாழுடி. அரிசிக்குள்ள வைக்கத் தெரியாதா?"

வெளியே குச்சி அச்சில் பொருந்திவிட்டது. வண்டிக்காரர் கயிற்றைப் பிடித்தார். காளை ஓர் அடி வைத்தது. அப்போது கோயில் பக்கம் கொட்டு விழுந்தது.

மாமனார் அரிவாளை வீசி எறிந்தார். யார் முகத்தையும் பார்க்கவில்லை. "எறக்குங்கடா. சாட்டியாச்சு. திருவிழா முடியிற வரைக்கும் அவுக நம்ம ஊரு ஆளுக."

மூன்றாம் நாள் பிள்ளைக்கு வேர்த்துக் காய்ச்சல் விட்டது. கஞ்சி கேட்டது. வேறு யாருக்கும் ஒன்றும் வரவில்லை. திருவிழா முடிந்தும் வண்டிப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. தாயும் மகளும் எங்கள் தெருவிலேயே தங்கிவிட்டார்கள்.

பக்கத்து வீட்டுக்காரிகள் மட்டும் கிணற்றடியில் என்னை வளைத்துக்கொண்டார்கள். "உண்மையச் சொல்லுடி, அந்த ஆணி எங்கதான் போச்சு?"

"மாரியாத்தா மூக்குத்தி தொலைஞ்சு போச்சாம்க்கா. எங்க கடையாணியத்தான் மாட்டிக்கிட்டு நிக்கிறா. வேணும்னா நீங்க போயி கழட்டிட்டு வாங்க," என்றேன்.