கொலுப்படியில் கட்டிய வரப்பு

எங்கள் அறக்கட்டளை அபிராமபுரத்தில் ஒரு மாடியில் இருந்தது. தென்மாவட்டத்து வறண்ட ஊர்களில் நிலம் பாழாகாமல் காப்பது அதன் வேலை. போனை எடுப்பதும், ஊர்க்காரர்களிடம் சாக்குப்போக்கு சொல்வதும் என் வேலை. இரண்டாவதில் நான் கெட்டிக்காரி என்று பெயர்.

தலைவர் ஓய்வுபெற்ற அதிகாரி. மேடையில் மண் என்று சொன்னாலே குரல் தழுதழுக்கும். அதே மண் செருப்பில் ஒட்டிவிட்டால் துடைக்க டிரைவரைக் கூப்பிடுவார்.

ஆனி மாதம் எங்கள் என்ஜினீயர் ஒரு விதவை அம்மாளின் சரிவு நிலத்தைப் பார்க்கப் போனார். குறுக்கே கிடந்த பழைய வரப்பு கோணலாக இருக்கிறதாம். சரிவோடு வளைந்து போகிற வரப்பு வேறு எப்படி இருக்கும்? நேராகப் புதிது கட்டித் தருகிறோம் என்று ஜேசிபியை விட்டு இடித்துப்போட்டார். மழைத்தண்ணீர் மேல்மண்ணை வாரிக்கொண்டு போகாமல் தடுத்தது அது ஒன்றுதான். திரும்பும்போது பரிசோதனைக்கென்று அந்த நிலத்து மண்ணை ஒரு மூட்டை அள்ளி வந்தார்.

இடிப்பதற்கு யாரும் நாள் பார்க்கவில்லை. கட்டுவதற்குத்தான் பஞ்சாங்கம் வந்தது.

"ஆடியில யாராவது நல்ல காரியம் ஆரம்பிப்பாளா?" என்றார் தலைவர். விதைக்கிறவர்களுக்கு ஆடிதான் ஆரம்பம் என்று அவருடைய பஞ்சாங்கத்தில் போடவில்லை போலிருக்கிறது. ஆவணியில் முகூர்த்தம் கொட்டிக் கிடந்தது. ஆனால் பூமிபூஜைக்குச் சிறப்பு விருந்தினர், மகள் பிரசவத்துக்காக அமெரிக்கா போய்விட்டார். அவர் திரும்பியபோது மகாளய பட்சம். கடைசியில் விஜயதசமி என்று முடிவானது.

அந்த அம்மாள் போன் செய்தபடியே இருந்தார். "வானம் கருக்குதும்மா. வரப்ப எப்பக் கட்டுவீக? நாங்களே கட்டிக்கிறோம்னாலும் என்ஜினீயர் கை வைக்கக் கூடாதுங்கறாரு."

"கண்டிப்பா சீக்கிரம் வந்துடுவாங்க" என்பேன். போனை வைத்ததும் எனக்கே எரிச்சல் பொத்துக்கொண்டு வரும்.

"இன்னா மேடம், மழ வந்துகினு கீது, இவுங்க நாள் பாத்துகினு கீறாங்க" என்பார் டிரைவர்.

நவராத்திரி வந்தது. ஆபீஸில் கொலு வைத்தார்கள். படிகளுக்குக் கீழே ஒரு பெரிய தட்டில் குட்டிக் கிராமம். மூலையில் கிடந்த மூட்டை மண்ணைக் கொட்டி, சரிவு பண்ணி, குறுக்கே அழகாக வரப்புக் கட்டி, கேழ்வரகு தெளித்திருந்தார் தலைவரின் மனைவி. முளை பச்சைப்பசேலென்று வந்துவிட்டது. தினமும் மயிலாப்பூர் மாமிகள் வந்து "எவ்ளோ தத்ரூபமா இருக்கு!" என்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். எங்கள் அறக்கட்டளை அந்த வருஷம் கட்டி முடித்த ஒரே வரப்பு அதுதான்.

சரஸ்வதி பூஜைக்கு முந்தின நாள், பஸ் பிடித்து அந்த அம்மாளே வந்து நின்றார். சேலை ஓரமெல்லாம் சேறு காய்ந்திருந்தது.

"நேத்து சாயங்காலம் பேய்மழைங்க. மேல்மண்ணு பூராத்தையும் கம்மாய்க்குள்ள அடிச்சுக்கிட்டுப் போயிருச்சு. சரளைக்கல்லுதான் கிடக்கு. இனிமே அதுல எதை விதைக்க?" என்றார்.

மாமிகளின் பாட்டு நின்றது. தலைவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "முதல்ல சுண்டல் சாப்பிடுங்கோ" என்றார். அடப்பாவி மனுஷா, என்று எனக்கு வாய்வரை வந்தது.

அந்த அம்மாள் சுண்டலைப் பார்க்கவில்லை. படிகளுக்குக் கீழே இருந்த குட்டிக் கிராமத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து ஒரு விரலால் மண்ணைத் தொட்டார்.

"இது எம் மண்ணுல்ல?"

மாமிகள் தலைவரைப் பார்த்தார்கள். நான்தான் "ஆமாம்மா" என்றேன்.

மஞ்சள்பையை உதறிப் பிரித்து, வரப்போடும் முளையோடும் கைநிறைய அள்ளத் தொடங்கினார். தலைவர் பதறிப்போனார்.

"ஐயையோ, கொலுவை நடுவுல கலைக்கப்படாதும்மா! விஜயதசமி ராத்திரி ஒரு பொம்மையைச் சாய்ச்சு வெச்சப்புறம் தாராளமா எடுத்துண்டு போங்கோ. எல்லாத்துக்கும் ஒரு முறை இருக்கோல்லியோ?"

அந்த அம்மாள் அள்ளுவதை நிறுத்தவில்லை. "என் வரப்ப இடிக்கையில எந்தப் பொம்மையச் சாச்சு வச்சீக?" என்று கேட்டார்.

நான் போய்ப் பையின் வாயை விரித்துப் பிடித்துக்கொண்டேன்.