பஸ்ஸக்காவிடம் வந்த மாணவி

பஸ்ஸக்கா பஸ் ஓட்டுவதை விட்டுப் பத்தொன்பது வருடமாகிறது. பெயர் மட்டும் அவளை விடவில்லை. அந்த ஊரில் முதன்முதலாகப் பெரிய வண்டியின் ஸ்டீயரிங்கைப் பிடித்த பெண் அவள்தான். காக்கிச் சட்டையோடு அவள் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்ததைப் பார்த்து அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்த ஆண்கள் உண்டு. ஒரு மாதம் போனதும் அவள் பஸ்ஸுக்காகவே காத்திருந்ததும் அவர்கள்தான்.

இப்போது அவள் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள். ஸ்கூல் என்றால் ஒரு சின்ன அறை, ஒரு மேசை, வாசலில் ஒரு வெள்ளைக் கார். கற்றுக்கொடுப்பவர் உட்காரும் பக்கத்திலும் தனியாக ஒரு பிரேக் வைத்த கார் அது. புருஷனிடமோ அண்ணனிடமோ கற்றுக்கொள்ளப் போய், திட்டு வாங்கி, அழுதுவிட்டு வரும் நாற்பது வயதுப் பெண்கள்தான் அவளிடம் அதிகம். "நான் சொல்லிக்கொடுத்தும் வண்டி ஓட்ட வராம போனது உலகத்துல ஒரே ஆளு. அவரைத்தான் நான் கல்யாணம் பண்ணியிருக்கேன்" என்று சொல்லி முதல் நாளே அவர்களைச் சிரிக்க வைத்துவிடுவாள். சிரித்தால் தோள் இறங்கும். தோள் இறங்கினால் ஸ்டீயரிங் தானாக வரும். இது அவள் கண்டுபிடித்த பாடம்.

ஒரு நாள் காலை பத்து மணிக்கு நூலகத்தில் வேலை பார்க்கும் அம்மா ஒருவர் வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். படிவத்தை அழகான கையெழுத்தில் நிரப்பி, அடியில் ஒப்பமிட்டு நீட்டினார். பஸ்ஸக்கா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அந்த ஒப்பத்தை மறுபடியும் பார்த்தாள். சாய்ந்த எழுத்து, கீழே இழுத்துவிட்ட ஒரு கோடு. அதை அவள் நூறு தடவையாவது பார்த்திருப்பாள்.

பத்தொன்பது வருடத்துக்கு முன்னால், மழை பெய்த ஒரு காலைப் பொழுதில், அவள் பஸ்ஸின் படியிலிருந்து ஒரு வயதான அம்மா விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். நாலு நாள் கழித்து, கூட வந்த மகள் எழுதிய புகார் பஸ் அலுவலகத்துக்கு வந்தது. அதன் நகல் ஒன்றைப் பஸ்ஸக்காவிடமும் கொடுத்தார்கள். 'கால் படியில் இருக்கும்போதே டிரைவர் வண்டியை நகர்த்திவிட்டார்.' விசாரணையில் மூன்று அதிகாரிகள் உட்கார்ந்தார்கள். வண்டி அசையவே இல்லை என்று பஸ்ஸக்கா சொன்னாள். தான் பின்பக்கம் டிக்கெட் போட்டுக்கொண்டிருந்ததாகவும் எதையும் பார்க்கவில்லை என்றும் கண்டக்டர் சொல்லிவிட்டார். 'கவனக்குறைவு' என்று ஒற்றை வார்த்தையில் தீர்ப்பெழுதி, ஸ்டீயரிங்கிலிருந்து அவளை இறக்கி, டயர் கிடங்கில் டயர் எண்ண உட்கார வைத்தார்கள். ஒரு வருடம் எண்ணினாள். பிறகு வேலை வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துவிட்டு வந்துவிட்டாள்.

அந்த மகள்தான் இப்போது எதிரே உட்கார்ந்திருந்தார். காக்கிச் சட்டையும் தொப்பியும் போய், நரையும் கண்ணாடியும் வந்துவிட்ட பஸ்ஸக்காவை அவருக்கு அடையாளம் தெரிந்த மாதிரி இல்லை.

வேண்டாம் என்று சொல்லத்தான் பஸ்ஸக்கா வாயெடுத்தாள். அதற்குள் அந்த அம்மா, "எங்க வீட்டுக்காரருக்கு வாரத்துல மூணு நாள் டயாலிசிஸ் மேடம். போறப்ப எப்படியோ போயிடுறோம். திரும்பி வர்றப்ப அவரால நிக்கக்கூட முடியல. வண்டி வாசல்ல நிக்குது, ஓட்டத்தான் ஆளில்ல" என்றார்.

"திங்கக்கிழமை ஏழு மணிக்கு வந்துடுங்க" என்றாள் பஸ்ஸக்கா. அவள் வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

சேர்த்துக்கொண்டாளே தவிர, மனம் சேரவில்லை. மற்றவர்களிடம் சிரித்துக்கொண்டே சொல்வதை லைப்ரரியம்மாவிடம் சிரிக்காமல் சொன்னாள். "ஸ்டீயரிங் புடிக்கிறீங்களா, பாத்திரம் தேய்க்கிறீங்களா?" மேட்டில் வண்டி அணைந்துபோனால் உதவி செய்யாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நாற்பது தடவை ரிவர்ஸ் எடுக்க வைத்தாள். லைப்ரரியம்மா எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. "சரி மேடம், இன்னொரு தடவை எடுக்கிறேன்" என்பார். அந்தப் பணிவு எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்த்தது.

இரண்டாவது வாரம், ஒரு சந்திலிருந்து தள்ளுவண்டி ஒன்று குறுக்கே வந்தது. பஸ்ஸக்கா அதை முன்கூட்டியே பார்த்துவிட்டாள். கால் பிரேக்கின் மேல்தான் இருந்தது. ஆனால் மிதிக்கவில்லை. கொஞ்சம் பயப்படட்டும் என்று ஒரு கணம் வைத்திருந்தாள். லைப்ரரியம்மா அலறினார். அப்புறம்தான் மிதித்தாள். தள்ளுவண்டிக்கும் காருக்கும் நடுவில் ஒரு சாண் இடம்தான் இருந்தது.

"என் தப்புதான், என் தப்புதான்" என்றார் லைப்ரரியம்மா. தள்ளுவண்டிக்காரர் இருவரையும் சேர்த்துத் திட்டிவிட்டுப் போனார்.

அன்று மத்தியானம் பஸ்ஸக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. புருஷன் கடிகாரம் பழுதுபார்ப்பவர். ஜன்னலோரம் ஒரு கைக்கடிகாரத்தைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார். அவரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள்.

அவர் கண்ணிலிருந்த லென்ஸைக் கழற்றினார். "நீ அவங்களுக்கு வண்டி ஓட்டக் கத்துக்கொடுக்கிறியா, இல்ல பழி வாங்க நீ கத்துக்கிறியா?"

"அந்த லெட்டர் எழுதினவங்க அவங்க. உங்களுக்கு என்ன தெரியும்?"

"டயர் கிடங்குக்கு சாப்பாடு கொண்டுவந்தவனுக்குத் தெரியாதா? ரெண்டுல ஒண்ணு பண்ணு. வேற ஸ்கூலுக்கு அனுப்பிடு. இல்ல, ஒழுங்கா சொல்லிக்கொடு. காலை வச்சுக்கிட்டே மிதிக்காம இருந்தேன்னு சொல்றியே, அது நீ பண்ற காரியமா?"

அந்தக் கேள்விதான் அவளைக் குத்தியது. லட்சக்கணக்கானவர்களை ஏற்றி இறக்கியவள் அவள்; பிரேக்கை மிதிக்க வேண்டுமென்றே தாமதித்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

மறுநாள் காலை, விளையாட்டு மைதானத்தின் மதிலோரம் வண்டியை நிறுத்தச் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. "நேத்து தப்பு உங்களோடது இல்ல. தள்ளுவண்டியை நான் முன்னாடியே பாத்துட்டேன். வேணும்னே பிரேக்கை மிதிக்கல. அது பெரிய தப்பு, மன்னிச்சுக்கங்க. ஏன் பண்ணினேன்னா, உங்கம்மா விழுந்த பஸ்ஸை ஓட்டினது நான்தான்."

லைப்ரரியம்மா ஸ்டீயரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். "தெரியும்" என்றார். "மூணாவது நாளே தெரிஞ்சுபோச்சு. நான் கார்லேருந்து இறங்கறப்ப 'பாத்து இறங்குங்க'ன்னு சொன்னீங்க. அன்னைக்கும் அதே குரல்லதான் எங்கம்மாகிட்ட சொன்னீங்க."

"தெரிஞ்சுமா வந்தீங்க?"

"நீங்க திட்டத் திட்ட, இது எனக்கு வேணும்னு இருந்துச்சு." ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். "அன்னைக்கு பஸ் அசையலக்கா. கல்லு மாதிரி நின்னுச்சு. எனக்கு வேலைக்கு நேரமாச்சு, அம்மா மெதுவா இறங்கினாங்க. நான்தான் கையைப் புடிச்சு இழுத்தேன். ஆஸ்பத்திரியில அண்ணன் வந்து 'எப்படி விழுந்தாங்க'ன்னு கேட்டார். நான் இழுத்தேன்னு சொல்லத்தான் வாயைத் தொறந்தேன். பஸ் நகந்துடுச்சுன்னு வந்துடுச்சு. அண்ணன் அப்பவே பேப்பரை எடுத்துக் கொடுத்துட்டார். அம்மா நாலு வருஷம் படுத்த படுக்கையா இருந்தாங்க. ஒரே ஒரு தடவை, 'பஸ் மேல தப்பில்லடி'ன்னாங்க. அதுக்கு மேல ஒரு வார்த்தை சொல்லல."

பஸ்ஸக்கா காரைவிட்டு இறங்கினாள். மதிலோரமாகவே நடந்து மைதானத்தின் கடைசிவரை போனாள். அவள் யாரிடமும், புருஷனிடம்கூடச் சொல்லாத ஒன்று இருந்தது. மழை பெய்த அன்று, ஈரச் செருப்பு பிரேக்கில் கொஞ்சம் வழுக்கியிருக்குமோ? வண்டி ஒரு அங்குலம் நகர்ந்திருக்குமோ? வெளியே 'நான் தப்பே பண்ணல' என்று மார்தட்டியவள், உள்ளே பத்தொன்பது வருடமாக அந்த ஒரு அங்குலத்தை அளந்துகொண்டேயிருந்தாள். வண்டி நகரவில்லை. நகரவேயில்லை! அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. இரண்டும் அடங்கிய பிறகு கோபம் வந்தது. திரும்பி வந்து கார்க் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு கத்தினாள்.

"ஒரு வருஷம் டயர் எண்ணினேன்மா நான்! என் கூட வேலை பாத்தவங்க என்னைப் பாத்தா தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போவாங்க. தெரியுமா உங்களுக்கு?"

லைப்ரரியம்மா தலையைக் குனியவில்லை. முழுவதையும் நேருக்கு நேர் பார்த்துக் கேட்டுக்கொண்டார். பிறகு, "நடந்ததை நடந்தபடி பஸ் ஆபீஸுக்கு எழுதிக் கொடுக்கிறேன்" என்றார்.

"எழுதுங்க" என்றாள் பஸ்ஸக்கா. "பரவாயில்ல, விடுங்கன்னு சொல்லுவேன்னு நினைக்காதீங்க. உங்களை மன்னிக்கிறது வேற, அது என் பாடு. என் பேர்ல இருக்கிற கறை வேற, அதை நீங்கதான் துடைக்கணும்." அப்புறம் உள்ளே உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டாள். "இப்ப வண்டியை எடுங்க. மேட்டுக்குப் போலாம். இன்னைக்கு ஒழுங்கா சொல்லித்தர்றேன்."

லைப்ரரியம்மா அன்று மாலையே எழுதினார். தபாலில் போடாமல் நேரில் கொண்டுபோய்க் கொடுத்தார். இரண்டு மாதம் கழித்து, 'பழைய குறிப்பு நீக்கப்பட்டது' என்று இரண்டு வரியில் பதில் வந்தது. புருஷன் அதை உரக்கப் படித்தார். "இன்னொரு தடவை படிங்க" என்றாள் பஸ்ஸக்கா. படித்தார்.

மன்னிப்பு மட்டும் அப்படி ஒரே கடிதத்தில் வந்து சேரவில்லை. சில நாள் காலையில் எழுந்ததுமே பழைய ஆத்திரம் தொண்டைவரை வரும். "இன்னைக்கு எனக்கு உங்க மேல கோபமா இருக்கு. பேச்சுக் கொடுக்காம ஓட்டுங்க" என்று சொல்லிவிடுவாள். "சரிக்கா" என்று லைப்ரரியம்மாவும் வாய் திறக்காமல் ஓட்டுவார். ஆனால் பிரேக் விஷயத்தில் பஸ்ஸக்கா ஒரு நாளும் தாமதிக்கவில்லை. அப்படிப்பட்ட நாட்கள் வாரத்துக்கு மூன்றாக இருந்தது ஒன்றாகி, பிறகு எப்போது நின்றது என்று இருவருமே கவனிக்கவில்லை. அதற்குள் பாத்திரம் தேய்க்கிற ஜோக்குக்கு லைப்ரரியம்மா சிரிக்கத் தொடங்கியிருந்தார், தோளும் இறங்கிவிட்டது.

முதல் தேர்வில் மேட்டில் வண்டி அணைந்து தோற்றார். இரண்டாவதில் தேறினார். லைசென்ஸ் கைக்கு வந்த வாரம், "முதல் தடவை அவரைக் கூட்டிக்கிட்டுப் போறப்ப நீங்களும் வாங்கக்கா" என்று கூப்பிட்டார்.

பஸ்ஸக்கா பின் இருக்கையில் உட்கார்ந்தாள். லைப்ரரியம்மாவின் புருஷன் முன்னால் உட்கார்ந்து, "முப்பது வருஷம் நான் ஓட்டினேன், இவ குறை சொன்னா. இப்ப என் முறை" என்றார். சொன்னாரே தவிர, ஆஸ்பத்திரி வரைக்கும் அவருக்குக் குறை எதுவும் கிடைக்கவில்லை. நாலு மணி நேரம் கழித்து, களைத்துப்போனவரைக் கைத்தாங்கலாகப் பிடித்து, இரண்டு பெண்களும் காரில் ஏற்றினார்கள். அவர் ஆஸ்பத்திரிப் படியிறங்கிக் காரில் ஏறும்வரை லைப்ரரியம்மா அவசரப்படவேயில்லை.

திரும்பும் வழியில் வண்டி ஒரே சீராகப் போனது. முன்னால் இருந்தவர் கண்ணயர்ந்தார். ஏதாவது சொல்லிக்கொடுக்க இருக்குமா என்று பஸ்ஸக்காவும் கொஞ்ச தூரம் பார்த்துக்கொண்டு வந்தாள். ஒன்றும் இல்லை. மூன்றாவது சிக்னலைத் தாண்டுவதற்குள் அவளும் ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டாள்.